மூணு மில்லிமீட்டர்

நான் எங்க சார் தூண்டிவிட்டேன்? ஹேமாவுக்கு வாயி இல்லையா, அவ ஒரு உண்மையச் சொல்லணும்னா ஜெனிட்டா போயி காதுல ஓதிக்குடுக்கணுமா? நல்லா இருக்கே கதை. நன்றிகெட்டவளேன்னு சொன்னீங்கள்ல, துப்பாக்கிய ரெண்டு கையிலயும் தூக்கிட்டு வாசல்ல நிக்கவகிட்ட, பின்னால போலந்துக்காரி ஒருத்தி வழி விடுவாங்களான்னு பாத்துட்டு நிக்கா, அவளுக்குத் தமிழ் தெரியாதுங்கிற தைரியம் உங்களுக்கு. சொல்லிட்டு நான் வாயத் திறக்கதுக்குள்ள தடுப்புக்கு அந்தப் பக்கம் போயி, கோச்சுங்க நாற்காலியில கால்மேல கால் போட்டு உக்காந்தாச்சு. எடம் பாத்துல்லா சண்ட போடுதீங்க. இந்தச் சுடுத கோட்டுக்கு வந்துட்டா ரெண்டு பேரும் பேசப்பிடாது, பேசினா வார்னிங் எனக்கு. சரி, பேசல. வாயாலதான பேசப்பிடாது. உங்களுக்கு முதுகக் காட்டிட்டு நிக்கப்போறேன், இந்த முதுகு பூராவும் பதிலுதான், படிக்கத் தெரிஞ்சா படிச்சுக்கோங்க. பத்து மீட்டர் தள்ளி கறுப்பு வட்டம் தெரியுது. அதுக்கு நடுவுல பத்துங்கிற புள்ளி, கடுகவிடச் சின்னது, அது கண்ணுக்கே தெரியாது, இருக்குன்னு நம்பித்தான் சுடணும். உங்கள நம்பின மாதிரி. மூணு வருசமா கண்ணுக்குத் தெரியாத ஒண்ண நம்பிட்டு இருந்திருக்கேன், எம்புட்டு பெரிய கிறுக்கி நான். ஸ்பீக்கர்ல பொம்பளக் குரலு ஒண்ணு இங்கிலீஷ்ல சொல்லுது, தயாராகிக்கோங்க, சோதனைச் சுடுதல் ஆரம்பம்னு. இப்ப சுடுதது எதுவும் கணக்குல சேராது, கால் மணி நேரம் எத்தன வேணும்னாலும் சுடலாம், குறி பாக்க சைட்ட திருகிச் சரி பண்ணிக்கலாம், கைநடுக்கத்த எல்லாம் கொட்டித் தீத்துக்கலாம். அப்புறம்தான் நெசமான ஆட்டம். குழல்லேர்ந்து ஆரஞ்சு நூல உருவுதேன். உள்ள குண்டு இல்ல, யாரும் பயப்படாதீங்கன்னு காட்டதுக்கு அந்த நூலு. உருவியாச்சு. இனிமே பயப்படலாம்.

சத்தத்தக் கேளுங்க, அறுபது பிள்ளைங்க வரிசையா நின்னு சொடக்கு எடுக்க மாதிரி, டப்பு டப்புன்னு, பெரிய வெடியெல்லாம் ஒண்ணும் கிடையாது, காத்துத் துப்பாக்கிதான. எங்கம்ம மொதத் தடவ வந்து பாத்துட்டு இதுக்காட்டி காதுல பஞ்சு வச்சிட்டு வந்தேன்னு சிரிச்சா. நேத்து இதே ஹாலு, இதே சொடக்குச் சத்தம், ஹேமா எனக்கு மூணு இடம் தள்ளி அங்கன நின்னா, பன்னெண்டாம் நம்பர். இப்ப அந்த இடத்துல ஒரு கொரியாக்காரி நிக்கா. ஒரு ராத்திரிதான் ஆச்சு, அந்த எடத்துல அவ நின்னதுக்கு ஒரு அடையாளம் இல்ல. டீம் போட்டியில நேத்து ஹேமா அடிச்ச அடி இருக்கே, சார், நீங்களே எந்திரிச்சு நின்னீங்க. சேலத்துக்காரி, வாயத் திறந்தா சினிமாப் பாட்டுதான், அந்தப் பிள்ள அப்படியே செலையா நின்னு பத்து பத்தா போட்டுத் தள்ளுச்சு. முடிஞ்சதும் எங்கிட்ட ஓடி வந்தா. ஓடவா முடியுது, அந்தத் தடிப் பேண்ட்டும் ஜாக்கெட்டும் போட்டுட்டு வாத்து மாதிரி ஆடி ஆடித்தான் வந்தா, “ஏன்டி ஜெனி, கிள்ளிப் பாருடி என்ன”ன்னா. கிள்ளினேன். ஜாக்கெட்டு மேல கிள்ளினேன், விரலுதான் வலிச்சுது, அவளுக்கு உறைக்கல. அப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கணும். கிள்ள முடியாத துணி. அப்புறம் ஒருத்தர் வந்து அவ தோளத் தொட்டாரு, சோதனைக்கு வாங்கன்னு, ஸ்கோர்ல மொத எட்டு பேருக்குள்ள வந்தவங்கள எல்லாம் கூப்பிடுவாங்க, வழக்கம்தான், நான் அந்த எட்டுல இல்ல. சிரிச்சிட்டே போனா. கையுறை போட்ட அம்மா ஒருத்தங்க ஜாக்கெட்ட மேசையில விரிச்சு, முதுகுப் பக்கம், தோளுப் பக்கம், ஒவ்வொரு இடமா அந்தக் கருவிய வச்சாங்க. சின்ன வட்டத்துக்கு மேல துணி, துணிக்கு மேல எடை. எடை வச்சா துணி மூணு மில்லிமீட்டராவது உள்ள அமுங்கணும். அமுங்கலன்னா ஜாக்கெட்டு ரொம்ப விறைப்பு, அது உடம்பத் தாங்கிப் பிடிக்குது, நீ சுடல, ஜாக்கெட்டு சுடுது. அம்புட்டுதான் சட்டம். அமுங்கல. இன்னொரு தடவ வச்சாங்க. அமுங்கல. ஹேமா உங்களப் பாத்தா சார். “சார், சொல்லுங்க சார்”னு சொன்னா. மூணே வார்த்த. நீங்க செல்போன எடுத்து, யாரோ கூப்பிட்ட மாதிரி, அப்படியே திரும்பி நடந்தீங்க. போன் அடிக்கல சார். நான் பக்கத்துலதான நின்னேன். வைப்ரேஷன்கூட இல்ல.

துப்பாக்கியத் தூக்கித் தோள்ல வைக்கேன். இடது முழங்கைய இடுப்பு எலும்புல ஊணி, கன்னத்தச் சாச்சு, மூச்ச இழுத்து, பாதிய விட்டு, நிறுத்தி. வட்டத்துக்குள்ள வட்டம். டப். பக்கத்துத் திரையில பத்து புள்ளி நாலுன்னு வருது, உச்சமே பத்து புள்ளி ஒம்பதுதான். கணக்குல சேராத பத்து புள்ளி நாலு. முதுகுல பலகைய வச்சுக் கட்டின மாதிரி இருக்கு, நான் நிக்கல, என்ன நிக்க வச்சிருக்கு. வாசனை வருது, சோத்து வாசனை, ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போக எங்கம்ம பருத்திச் சேலைய விரிப்பால்ல, அந்த வாசனை. கஞ்சி. ஏன் சார், உங்களுக்கு மூக்கு இல்லையா, இல்ல இங்கன இருக்கவங்க யாரும் சோறு வடிக்க மாட்டாங்கங்கிற நம்பிக்கையா? சென்னையில நம்ம சுடுத ரேஞ்சுல யாருக்குத் தெரியாது அது. கடல் காத்து, வேர்வை, ஜாக்கெட்டு ரெண்டே நாள்ல நனஞ்ச அப்பளம் மாதிரி தொவண்டுரும். போட்டிக்கு மொத நாளு எல்லாரு ஜாக்கெட்டையும் நீங்களே வீட்டுக்கு வாங்கிட்டுப் போவீங்க, மறுநா விறைப்பா மடிச்சுக் கொண்டு வருவீங்க. உள்துணிக்கு அரிசிக் கஞ்சி, மேல இஸ்திரி. பெரிய ரகசியம்லாம் இல்ல, சீனியர் அக்காங்க, “தனபால் சார் லாண்டரி போட்டாச்சா”ன்னு சிரிப்பாங்க. அங்க கஞ்சி போட்டாலும் சட்டத்துக்குள்ளதான் நிக்கும், அம்புட்டு ஈரம் காத்துல, அதனால அது தப்புன்னே யாருக்கும் தோணல, எந்தச் சோதனையிலயும் மாட்டல. ஆனா இது அந்த ஊரு இல்ல சார். இந்த ஊருக்கு வந்து இறங்கின அன்னைக்கே உதடு வெடிச்சுது, கம்பளியத் தொட்டா கையில பொறி தட்டுது, மூக்குக்குள்ள ரத்தம் காஞ்சு நிக்குது. ஈரமே இல்லாத குளிரு, அதுக்கு மேல எல்லா ரூம்லயும் ஹீட்டர். எங்க ஊரு உப்பளத்துல காயப்போட்ட மாதிரி கஞ்சி காஞ்சு கல்லாயிருச்சு. அது உங்களுக்கும் தோணல, எங்களுக்கும் தோணல. அத நான் மன்னிப்பேன் சார், சத்தியமா மன்னிப்பேன். சென்னைக்காரனுக்கு வார மறதி அது. ஆனா அவ உங்கள நிமிந்து பாத்தப்ப நீங்க போன எடுத்தது மறதி இல்ல.

நேத்து ராத்திரி ரூம்ல என் ஜாக்கெட்டு நின்னுச்சு. அத எப்படிச் சொல்ல. கழட்டி கட்டிலு பக்கத்துல தரையில வச்சேன், வழக்கமா பொத்துன்னு உக்காந்துரும். உக்காரல. நின்னுச்சு. கை ரெண்டும் கொஞ்சம் விரிஞ்சு, கழுத்து இருக்க எடத்துல ஓட்டை, தலையில்லாத ஆளு ஒண்ணு ரூமுக்குள்ள வந்து நின்னுட்டு இருக்க மாதிரி. ஹேமா கட்டில்ல சுவரப் பாத்துப் படுத்திருந்தா. திரும்பிப் பாத்தா, ஜாக்கெட்ட ஒரு பார்வை, என்ன ஒரு பார்வை. “நாளைக்கு உனக்குடி”ன்னு மட்டும் சொன்னா. பொறாமையா சொல்லல, சாபமா சொல்லல, பஸ் எத்தன மணிக்குன்னு சொல்லுத மாதிரி சொன்னா. நான் அந்த ஜாக்கெட்டத் தள்ளிவிட்டேன், விழுந்தும் மடங்கல, குப்புறக் கெடந்துச்சு. டப். பத்து புள்ளி ஆறு. காலையில நான் கெளம்பும்போது ஹேமா எந்திரிச்சு ஜன்னல் பக்கத்துல நின்னா. பதினோராவது மாடி. அந்த ஜன்னல் திறக்காது, வந்த அன்னைக்கே காத்து வாங்கலாம்னு ரெண்டு பேரும் இழுத்து இழுத்துப் பாத்தோம், கண்ணாடிய அப்படியே பூசி வச்சிருக்கான், “ஏன்டி இது ஜன்னலா டிவியா”ன்னு அவ கேட்டா. திறக்காது. அத நெனச்சா எனக்கு ஆறுதலா இருக்கு. ஏன் ஆறுதலா இருக்குன்னு யோசிக்க மாட்டேன். யோசிக்காத ஜெனி, வட்டத்தப் பாரு. பஸ்ல வரும்போது நாலு தடவ கூப்பிட்டேன், எடுக்கல. தூங்குதா. குளிக்கா. போன சார்ஜ்ல போட்டுட்டுப் பல்லு தேய்க்கா. இல்ல நீங்க போன வாங்கி வச்சிட்டீங்களா சார்? சாயங்காலம் அவள அனுப்பி வைக்கிறதா டிக்கெட்டு போட்டாச்சுன்னு கேள்விப்பட்டேன். அதுக்கு முன்னால கேமரா முன்ன உக்காந்து, நானாத்தான் செஞ்சேன், கோச்சுக்கு ஒண்ணும் தெரியாது, மன்னிச்சிருங்கன்னு அவ பேசணும். இந்த மேட்ச் முடிஞ்சதும் ரூமுக்கு வந்து நீங்களே வீடியோ எடுப்பீங்கன்னு அவகிட்ட சொல்லிருக்கீங்க. பேசினா ஒரு வருசத் தடையோட போயிரும், பேசலன்னா வாழ்நாளைக்கும்னு. பத்தொம்பது வயசுப் பிள்ள. அவங்க அப்பா பெயிண்ட் கடை வாசல்ல பேனர் கட்டிருக்காரு, உலகப் பல்கலைக்கழகப் போட்டியில எங்கள் மகள்னு. அந்தப் பேனர இப்ப யாரு அவிழ்ப்பா, எந்த நேரத்துல அவிழ்ப்பா, தெருவுல ஆளு இல்லாத நேரம் பாத்தா?

டப். பத்து புள்ளி எட்டு. ஐயோ. இப்படி அடிக்கப்பிடாது. பாத்தீங்களா, நல்லா சுட்டதுக்கு ஐயோங்கேன். என் வாழ்க்கையில நான் சுட்டதுலயே நல்ல சுடுதல் இப்ப வந்துட்டு இருக்கு, நாடி துடிக்குது, ஆனா துப்பாக்கி நுனி துடிக்கல, துடிப்ப எல்லாம் ஜாக்கெட்டு குடிச்சிருது. இப்படியே போனா எட்டுக்குள்ள போயிருவேன். எட்டுக்குள்ள போனா தோளத் தொடுவாங்க. அங்கனதான் சார் நீங்க மாட்டினீங்க. பஸ்ஸுல என் பக்கத்துல வந்து உக்காந்தீங்களே, என்னைக்கும் முன் சீட்டுல உக்காருற மனுசன். இன்னைக்கு ரொம்ப அலட்டிக்காதம்மா, எட்டுக்குள்ள வரணும்னு ஒண்ணும் அவசியமில்ல, ஒம்பது பத்துன்னு வந்தாலே பெரிய விசயம், அனுபவம்தான முக்கியம்னீங்க. யாரு, நீங்க. ரெண்டாவது வந்ததுக்கு ஹேமாவ வெயில்ல நிக்க வச்ச தனபால் சார். வெள்ளிங்கிறது தோத்தவனுக்குக் குடுக்கற சில்லறைன்னு ரேஞ்சு சுவத்துல எழுதிப் போட்ட ஆளு. ஒம்பதாவது வந்தா போதுமாம். எனக்கு அப்பத்தான் சார் புரிஞ்சுது. நேத்து நடந்தது ஹேமா தானா செஞ்ச வேலைன்னா, என் ஜாக்கெட்டுக்கு நீங்க ஏன் பயப்படணும்? நான் சட்டம் படிக்கவ, ரெண்டாம் வருசம்தான், கிளாஸுக்குப் போனதவிட ரேஞ்சுக்குப் போனதுதான் அதிகம், ஆனா இதுக்குச் சட்டப் புத்தகம் வேண்டாம், மீன் மார்க்கெட்டுல நிக்க எங்க சித்தியே கேட்டுருவா. உங்களுக்குத் தெரியும். நேத்தே தெரியும். எல்லா ஜாக்கெட்டும் அப்படித்தான்னு தெரிஞ்சுதான் அவ ஒருத்தி தலையில இறக்கி வச்சீங்க. நம்ம ஊருப் பத்திரிகைக்காரர் வந்து கேட்டப்ப, பாவம் சின்னப் பொண்ணு, ஆசையில ஏதோ பண்ணிருச்சுன்னீங்க. பாவம்னு வேற. அந்த பாவம்தான் சார் எனக்குத் தாங்கல.

பின்னால திரும்பிப் பாக்கேன், தண்ணி பாட்டில் எடுக்க மாதிரி. என் திரை உங்களுக்கும் தெரியும், பத்து புள்ளி எட்டு உங்க கண்ணுலயும் பட்டிருக்கு. கைய எடுத்துக் காட்டுதீங்க. உள்ளங்கையக் கவுத்தி, கீழ, கீழ, மெதுவா. அடங்கு, அடங்குன்னு. எனக்குச் சிரிப்பு வருது சார். அஞ்சு லட்சம் தடவ மேல மேலன்னு கத்தின கை. சைகை காட்டலாம், அதுக்கு ரூல்ல தடையில்ல. பாக்கவங்களுக்கு, ஆகா, பிள்ள பதட்டமா இருக்கு, கோச்சு நிதானப்படுத்துதாருன்னு தோணும். எனக்கு மட்டும்தான் தெரியும், மோசமாச் சுடுன்னு சொல்லுத கை அது. திரும்பிட்டேன். பாட்டில மூடி வச்சிட்டேன். மோசமாச் சுடலாம், அதுல என்ன பெரிய வித்த, விரல ஒரு மயிரளவு முந்தி இழுத்தா போதும், ஒம்பது புள்ளி ரெண்டு, ஒம்பது புள்ளி நாலு, நாப்பதாவது இடம், அமைதியா ஜாக்கெட்ட மடிச்சுப் பையில போட்டுட்டு ஏர்போர்ட்டு போயிரலாம். அடுத்த வருசமும் டீம்ல இருப்பேன். ஸ்போர்ட்ஸ் கோட்டா சீட்டு இருக்கும், ஹாஸ்டல் இருக்கும், எங்கம்ம நிம்மதியா இருப்பா. நீங்க ஒரு பிறந்தநாளுக்கு கேக் வாங்கித் தருவீங்க. ஹேமா பேரு வந்தா, ப்ச், பாவம்னு எல்லாரும் சேர்ந்து சொல்லலாம். நானும் சொல்லணும். அந்த வாய எனக்குக் குடுங்கன்னு கேக்கீங்க, அதான விசயம்? மோசமாச் சுட்டா நான் உங்க ஆளு. நல்லாச் சுட்டா அடுத்த பாவம் நான். நாளைக்கு இன்னொரு கேமரா, இன்னொரு நாற்காலி, நானாத்தான் செஞ்சேன் சார்னு நான் சொல்லணும். ஏன், உங்களுக்கு எத்தன பிள்ளைங்க வேணும்? கொல்கத்தா பிள்ள ஒண்ணு நாளைக்குச் சுடுதா, பதினெட்டு முடியல, அவ ஜாக்கெட்டும் உங்க ரூம்லதான் கெடக்கு. ஜாக்கெட்ட கழட்டிட்டு வெறும் பனியனோட சுடலாமா? சுடலாம், தடையில்ல. கை ஆடும். கடைசி வருவேன், ஆனா என் கையால கடைசி வருவேன். வந்தா? ஜாக்கெட்டு உங்ககிட்ட போயிரும். ராத்திரிக்கே குளியலறையில ஊறப்போட்டு கஞ்சிய அலசிருவீங்க. அப்புறம், கஞ்சி போட்டது கோச்சுதான்னு ஹேமா நேத்து நடுவருங்ககிட்ட சொன்னது வெறும் பேச்சாத்தான் நிக்கும். இங்கன இந்த ஹாலுக்குள்ள, இப்ப, என் முதுகுல ஒட்டிட்டு நிக்க இந்தத் துணி மட்டும்தான் அவளுக்குச் சாட்சி. அது தோத்தாத்தான் அவ ஜெயிப்பா. அதோட சேந்து நான் தோக்கணும். எங்கம்ம முகம் வருது. வராத அம்மா, இப்ப வராத.

முப்பது செகண்டுங்கா ஸ்பீக்கர்காரி. போலந்துக்காரி துப்பாக்கிய இறக்கி வச்சுக் கையத் தொடைக்கா. சொடக்குச் சத்தம் கொறஞ்சு கொறஞ்சு, நின்னு போச்சு. இம்புட்டு பெரிய ஹால்ல இம்புட்டு அமைதி நல்லதுக்கில்ல. எதுவோ விழப்போகுதுன்னு எல்லாரும் காதத் தீட்டிட்டு நிக்க மாதிரி. ஆரஞ்சு நூல எடுத்துக் குழலுக்குள்ள விடுதேன், ரெண்டு தடவ தப்பிப் போயி மூணாவது உள்ள போகுது. துப்பாக்கிய மேசையில வச்சிட்டேன். கைய தூக்கிட்டேன். ஐயோ தூக்கிட்டேன். நீலக் கோட்டு போட்ட நடுவரம்மா வேகமா வாராங்க, துப்பாக்கி கெட்டுப்போச்சான்னு கேக்காங்க. இல்ல மேடம், துப்பாக்கி நல்லா இருக்கு, என் ஜாக்கெட்ட இப்ப சோதிச்சுப் பாக்கணும், நேத்து பாத்த அதே கருவியில, இங்கனயே, நான் கணக்குல சேர ஒரு குண்டு சுடுததுக்கு முன்னாலன்னு சொல்லுதேன். என் இங்கிலீஷ் எனக்கே கேக்கல, காதுக்குள்ள கடலு மாதிரி இரையுது. அது தோத்தா உன்னப் போட்டியிலேர்ந்து எடுத்துருவோம், தெரியுமான்னு கேக்காங்க. தெரியும். நிச்சயமான்னு கேக்காங்க. நிச்சயம். பக்கிள ஒண்ணொண்ணா அவுக்கேன், தோலுப் பட்டை விரலக் கீறுது, கழட்டினதும் குளிரு பனியனுக்குள்ள பூந்து முதுகத் தடவுது, எம்புட்டு நாளைக்கப்புறம் என் முதுகு என் முதுகா இருக்கு. டிவி கேமரா ஒண்ணு இங்கிட்டுத் திரும்புது. பத்திரிகைக்காரங்க வரிசையில நம்ம ஊரு ஆளு எந்திரிச்சு நிக்காரு. நீங்களும் எந்திரிச்சிட்டீங்க சார், தடுப்ப ரெண்டு கையாலயும் பிடிச்சிட்டு, வேண்டாம் வேண்டாம்னு தலைய ஆட்டுதீங்க, அந்தப் பழைய போன் பாக்கெட்டுலேர்ந்து பாதி வெளிய வந்துட்டு நிக்குது, அத எடுக்காதீங்க, யாரும் கூப்பிடல. நான்தான் கூப்பிடுதேன். சத்தமாத்தான் கூப்பிடுதேன், அறுபது பேரு திரும்பிப் பாக்காங்க, பாக்கட்டும், தமிழ் தெரியாதவங்களுக்கு அந்தப் பத்திரிகைக்காரர் எடுத்துச் சொல்லட்டும்: தனபால் சார், ஹேமா ஜாக்கெட்டுக்கும் என் ஜாக்கெட்டுக்கும் கஞ்சி போட்டது யாரு? எங்கிட்ட வந்து சொல்ல வேண்டாம், பஸ்ஸுல பக்கத்துல உக்காந்து சொல்ல வேண்டாம், அந்தப் பத்திரிகைக்காரங்க மைக்குக்கு முன்னால போயி நின்னு, உங்க பேரச் சொல்லி, இவங்க எல்லாரும் கேக்க பதில் சொல்லுங்க.